"எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்": ஒன்றும் மாறாத வீட்டில் இந்த வசனத்தை எப்படிக் கைக்கொள்வது?

கேள்வி: ஈசூன்வாசி

சகோதர சகோதரிகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

என் கணவருக்குச் சென்ற ஆண்டு ஆட்குறைப்பில் வேலை போனது. அதன் பிறகு கிடைத்தவை எல்லாம் சில மாத ஒப்பந்த வேலைகள்தாம். அந்தக் கவலை தீருமுன்பே என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் நின்றுவிட்டது. சமூக மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த நாள்முதல் அவர்களைக் கவனிப்பது பெரும்பாலும் என் பொறுப்பு. தண்ணீரைக்கூட அப்படியே கொடுக்க முடியாது. புரையேறிவிடும் என்பதால் கெட்டிப்படுத்தும் தூளைக் கலந்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்து, ஒவ்வொரு வாயையும் விழுங்கிவிட்டார்களா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

அனுதாபம் வேண்டி இதை எழுதவில்லை. என் கேள்வி வேறு. எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒருவர் தம் பாரத்தைச் சொல்லத் தொடங்கினாலே, "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தை யாராவது எடுத்துச் சொல்லிப் பேச்சை முடித்துவைத்துவிடுகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள், வேலை கிடைத்தவர்களாகவோ, புது வீட்டுச் சாவி வாங்கியவர்களாகவோ, பரிசோதனை முடிவில் ஒன்றுமில்லை என்று கேட்டுவந்தவர்களாகவோ இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் உண்மையாகவே மகிழ்கிறேன். ஆனால் இன்னும் ஒன்றும் நடக்காதவர்கள் எழுந்து நின்று சொல்வதற்கு அங்கே என்ன இருக்கிறது என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

சந்தோஷம் ஒரு கட்டளை என்றால், அது எனக்குள் வராதிருப்பது என் விசுவாசக் குறைவா? நம்பிக்கை என்பது நிலைமை மாறும் என்று எதிர்பார்ப்பதா, அல்லது மாறாவிட்டாலும் நிலைத்திருப்பதா? வசனத்தை மட்டும் எழுதி அனுப்பாமல், சற்று விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

பதில்: பழைய வாத்தியார்

அன்புச் சகோதரிக்கு, உங்கள் கேள்வியில் விசுவாசக் குறைவு எதையும் நான் காணவில்லை. உங்களுக்குச் சொல்லப்படும் வசனம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால், அதைச் சொல்லிப் பேச்சை முடித்துவைப்பவர்களுக்குத்தான் அங்கே முதல் வேலை இருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 5-ஆம் அதிகாரத்தில் அது 16-ஆம் வசனம். அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்பு, "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்" என்று பவுல் எழுதியிருக்கிறார். அதாவது, திடனற்றவர்களும் பலவீனரும் சபைக்குள் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர்களைத் தேற்றித் தாங்கும் சபைக்குத்தான் அவர் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுகிறார். 14-ஆம் வசனத்தை விட்டுவிட்டு 16-ஐ மட்டும் ஒரு நோயாளியின் வீட்டில் போய்ச் சொல்வது, என் பார்வையில், வேதத்தைப் பாதியாகப் படிப்பதுதான். அதே நிருபத்தின் முந்தைய அதிகாரத்தில், மரித்தவர்களைக் குறித்து நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கப்படவேண்டாம் என்கிறாரே ஒழிய, துக்கமே படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை.

பிலிப்பியர் நிருபமும் அப்படித்தான். சந்தோஷத்தின் நிருபம் என்று நாம் அதைப் புகழ்கிறோம். எழுதியவர் சிறையில் இருந்தார் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் அதன் 2-ஆம் அதிகாரத்தில், எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாவுக்குச் சமீபமாய் இருந்ததையும், அவர் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்பதையும் பவுல் ஒளிக்காமல் எழுதியிருப்பதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்? 3-ஆம் அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுவதாகவும் சொல்கிறார். அழுத மனிதர்தான் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதினார். அதுவும் அதே காகிதத்தில்.

சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் பாட்டாக முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ அப்படி முடிவதில்லை. அது இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் ஜெபமென்று ஏற்று வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது, விடியாத இரவில் இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குத் தானியேல் 3-ஆம் அதிகாரத்தில் பதில் உண்டு. சூளைக்கு முன்பாக நின்ற மூவரும், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் உம்முடைய தேவர்களை வணங்கமாட்டோம் என்றும் ராஜாவிடம் சொன்னார்கள். நிலைமை மாறும் என்ற எதிர்பார்ப்பும் மாறாவிட்டாலும் நிலைத்திருப்பதும் அந்த ஒரே பதிலுக்குள் இருக்கின்றன. ஆகவே நீங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டியதில்லை. கணவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவேண்டும் என்று கேட்பதை நிறுத்தாதீர்கள்.

பள்ளியில் வரலாற்றுப் பாட ஆசிரியனாக இருந்தவன் என்பதால் நம் சிங்கப்பூரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் போர்க்கைதியாக இருந்த பிரிட்டிஷ் படைவீரர் ஸ்டான்லி வாரன், 1942-இல் ராபர்ட்ஸ் பாசறையிலிருந்த கைதிகள் மருத்துவமனையில் வயிற்றுக்கடுப்பினால் வாடிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த சிற்றாலயத்தின் சுவர்களில் வேதக் காட்சிகளை வரையத் தொடங்கினார். வர்ணம் கிடைக்கவில்லை. உடன் இருந்த கைதிகள் பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும், இராணுவ வாகனங்களுக்குப் பூசும் வர்ணத்தையும் பில்லியர்ட்ஸ் மேசையில் பயன்படுத்தும் நீலச் சுண்ணக்கட்டியையும் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார்கள். நிற்கத் தெம்பில்லாத அவர் சிறிது நேரம் வரைவதும் பிறகு படுத்துக்கொள்வதுமாக, அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குள் இயேசுவின் பிறப்பைக் காட்டும் ஓவியத்தை முடித்தார். சிலுவைக் காட்சியில், பிதாவே இவர்களை மன்னியும் என்ற வேண்டுதலும் இடம்பெற்றது. மொத்தம் ஐந்து ஓவியங்கள்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லி வந்தது அதற்குப் பிந்திய பகுதியை. 1958-இல் ஓவியங்கள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றைச் சீர்ப்படுத்த வருமாறு வாரன் அழைக்கப்பட்டபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சிறைக்காலத்தை மறக்கவே அவர் முயன்றுகொண்டிருந்தார். 1963-இல்தான் வந்தார், பிறகு 1982-இலும் 1988-இலும் வந்தார். அத்தகைய நம்பிக்கையைச் சுவரில் எழுதிய மனிதருக்கும் காயம் ஆறப் பல ஆண்டுகள் ஆயின. அதனால் அந்த ஓவியங்கள் பொய்யாகிவிடவில்லை. உங்களுக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்கவேண்டும்.

---

பதில்: இரவுப்பணி தாதி

ஆசிரியர் ஐயா வேதத்தைச் சொல்லிவிட்டார். நான் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன், அக்கா. 1 இராஜாக்கள் 19-இல் எலியா, போதும் கர்த்தாவே என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டபோது, தேவதூதன் வந்து உபதேசம் செய்யவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாவது முறையும் சாப்பாடுதான் வந்தது. கர்த்தர் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் நான் அடிக்கடி காண்பது இந்தச் சூரைச்செடி நிலையைத்தான். பல இரவுகள் சரியாகத் தூங்காத ஒருவருக்குச் சந்தோஷம் வரவில்லை என்றால், அதை விசுவாசக் கணக்கில் எழுதுவதற்கு முன்பு தூக்கத்தின் கணக்கைப் பார்க்கவேண்டும்.

மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் மறுபடியும் பேசுங்கள். உங்களுக்குச் சில மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும்படி பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கோ வீட்டுக்கே வரும் பராமரிப்புச் சேவைக்கோ ஏற்பாடு செய்வதும், கட்டணத்துக்கு என்ன உதவி உண்டு என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. குடும்பச் சேவை நிலையத்தையும் அணுகலாம். கிறிஸ்தவர்கள் இவற்றைக் கேட்கத் தயங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்ததும் கர்த்தர் பார்த்துக்கொண்டதுதானே? இருள் மிகவும் அடர்ந்து, எலியா கேட்டதையே நீங்களும் கேட்கத் தோன்றினால், கூட்டம் கூடும் நாள்வரை காத்திருக்காமல் உடனே 1767 என்ற எண்ணில், மனவேதனையில் இருப்பவர்களுக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பை அழையுங்கள்; எந்த நேரத்திலும் பேசலாம்.

இன்னொன்று. மாமியாருக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனது என்கிறீர்கள். அப்படியானால் பாதிப்பு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கும். பேச்சை இழந்த இத்தகைய நோயாளிகளில் சிலர், ஒரு சொல்லைக் கேட்டால் சொல்ல முடியாமல் தவித்தாலும், சிறுவயதிலிருந்து பாடிப் பழகிய பாட்டை நாம் எடுத்துக்கொடுத்தால் சொற்களோடு பாடிவிடுவார்கள். எல்லாருக்கும் இது நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய கீர்த்தனை ஒன்றை மெதுவாக, அவர்கள் முகத்துக்கு நேராக அமர்ந்து பாடிப் பாருங்கள். வாயில் உணவோ தண்ணீரோ இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

---

பதில்: ஓஃபிர் சாலை

நான் கத்தோலிக்கன். 1888-இல் எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயத்தில்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குத் திருமுழுக்கு நடந்தது. சாட்சி நேரத்தில் நன்றி மட்டுமே கேட்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் தாம்சன் சாலையிலுள்ள நொவீனா ஆலயம் நினைவுக்கு வந்தது. அங்கே சனிக்கிழமை நவநாள் வழிபாட்டில் மக்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களை வாசிக்கிறார்கள். நன்றிக் கடிதங்களும் உண்டு. இன்னும் கிடைக்காதவற்றுக்கான விண்ணப்பங்களும் உண்டு. பெயர் சொல்வதில்லை. என் மகன் போதைப்பொருளை விடவேண்டும், என் புற்றுநோய் திரும்பாதிருக்கவேண்டும் என்று யாரோ எழுதியதை, ஆலயம் நிறைந்த கூட்டம் தன் வேண்டுதலாக ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் நிற்பவருடைய கடிதமாகவே அது இருக்கலாம். அந்த வழிபாட்டை விட்டு வெளியே வரும்போது எனக்கு இருப்பது குதூகலம் அல்ல. ஆனாலும் அதை மகிழ்ச்சி என்று சொல்ல நான் தயங்குவதில்லை.

செபமாலை சொல்லும்போதும் அப்படியே. மகிழ்ச்சி மறைபொருள்களுக்கும் துயர மறைபொருள்களுக்கும் எங்களிடம் இருப்பது ஒரே மாலைதான். செவ்வாயும் வெள்ளியும் துயரத்துக்கு என்று கிழமையே ஒதுக்கியிருக்கிறார்கள். துயரத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் கொடுத்த வழிபாட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, அழுதுகொண்டே கோயிலுக்கு வருவது எங்கள் அம்மா தலைமுறைக்குக் கூச்சமாக இருந்ததே இல்லை.

---

பதில்: துவாஸ் விடுதித் தம்பி

மூத்தவர்கள் சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனாலும் ஓர் இடத்தில் மட்டும் சற்று மாறுபடுகிறேன், அக்கா. புலம்ப இடம் வேண்டும் என்பது சரி. ஆனால் சந்தோஷம் தானாக வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்கவும் கூடாது என்பது என் எண்ணம்.

நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவன். 2020-இல் கொவிட் பரவலைத் தடுக்கக் கொண்டுவந்த கிருமி முறியடிப்புத் திட்டம் ஏப்ரல் 7-ஆம் தேதி தொடங்கியது. ஈஸ்டர் ஏப்ரல் 12. அதற்குள் எங்கள் விடுதியில் அறையை விட்டு வெளியே வர முடியாத நிலை. பக்கத்து அறையில் இருந்தவர்களைத் தொற்று என்று அழைத்துச் சென்றார்கள். ஊரில் அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு அழைத்து அழுவார்கள். அந்த ஈஸ்டர் காலையில் எங்கள் அறையிலிருந்த கிறிஸ்தவர்கள் இரண்டடுக்குக் கட்டில்களில் உட்கார்ந்தபடியே, ஒருவருடைய கைப்பேசியில் ஊர்ச் சபையின் ஆராதனையைப் போட்டு, கூடவே பாடினோம். இணையம் விட்டுவிட்டு வந்ததால் அங்கே பாட்டு ஓர் அடி முன்னும் நாங்கள் ஓர் அடி பின்னுமாக இருந்தோம். மேல்கட்டிலில் இருந்த இந்து அண்ணன் ஒருவர் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டார், எங்களுக்குக் கேட்கட்டும் என்று.

அன்று எங்களில் யாருக்கும் பாடும் மனநிலை இல்லை. மனநிலை வந்த பிறகு பாடலாம் என்றிருந்தால் அந்த ஆண்டு முழுவதும் பாடியிருக்கமாட்டோம். ஆபகூக் தீர்க்கதரிசி, அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்றார். தொழுவம் நிறைந்த பிறகு அவர் அதைச் சொல்லவில்லை. பிலிப்பிச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியபோதும், பூமி அதிரும் என்று முன்கூட்டித் தெரிந்து பாடவில்லை.

இதை உங்கள்மேல் சுமத்துவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் பாட முடியாத நாளில் மற்றவர்கள் உங்களுக்காகப் பாடட்டும். அன்று எங்கள் அறையிலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தவர்கள் உண்டு.

---

மறுமொழி: ஈசூன்வாசி

உங்கள் அனைவருக்கும் நன்றி. ஐயா, 14-ஆம் வசனத்தைப் பலமுறை வாசித்திருந்தும், 16-ஆம் வசனத்தோடு சேர்த்து யாரும் எனக்குச் சொன்னதில்லை. தம்பி சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. நீங்கள் இருவரும் எதிரெதிராகப் பேசுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

தாதித் தங்கை சொன்னபடி மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் பாளையங்கோட்டையில் சிறுமியாக இருந்தபோது பாடிய ஒரு கீர்த்தனையைப் பாடிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பல்லவியை மறுபடியும் எடுத்தபோது உதடு அசைந்தது. கடைசிச் சொல் மட்டும் தெளிவாக வந்தது. நான் சரணத்தில் ஒரு வரியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. இடக்கையால் மெத்தையைத் தட்டி என்னை நிறுத்தினார்கள். பேச்சு இருந்த காலத்தில் என் பாட்டைத் திருத்துவது அவர்களுக்கு மிகவும் பிடித்தமான வேலை. நானும் கணவரும் வெகுநேரம் சிரித்தோம். அவர்களும் ஒரு பக்க வாயால் சிரித்தார்கள். நிலைமை எதுவும் மாறவில்லை. கணவரின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. சமூகப் பணியாளரைச் சந்திக்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. வீட்டுக் கூட்டத்தில் நான் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? குறை சொல்வதாக அவர்களுக்குத் தோன்றக்கூடாது.

---

பதில்: பழைய வாத்தியார்

குறையாகச் சொல்லாமல் ஜெபமாகவே வாசித்துவிடுங்கள். கூட்டத்தை நடத்துபவரிடம் முன்கூட்டியே பேசி, இந்த வாரம் வேதவாசிப்பை நான் செய்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 13-ஆம் சங்கீதத்தை முழுவதும் நிதானமாக வாசியுங்கள். பிறகு, "எதுவரைக்கும் என்று கேட்க எனக்கு இப்போது இரண்டு காரியங்கள் இருக்கின்றன" என்று சொல்லி, கணவரின் வேலையையும் மாமியாரின் நிலையையும் சொல்லுங்கள். ஆலோசனை வேண்டாம், ஜெபம் மட்டும் போதும் என்பதையும் வெளிப்படையாகவே கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. இதையும் வேண்டுமானால் சிரித்துக்கொண்டே சொல்லிவையுங்கள்.

அதோடு, உங்களைப்போலவே பேசாமல் உட்கார்ந்திருப்பவர் அந்த அறையில் இன்னொருவராவது இருப்பார். அவருக்கும் சொல்ல நேரம் கொடுங்கள். கூட்டத்தின் தொடக்கத்திலேயே இதை வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் வைத்தால், பலகாரத் தட்டு வந்துவிடும். தூரத்திலிருந்து வந்தவர்கள் பேருந்து நேரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.